கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தலாமா? வீட்டுக் காற்று பற்றி வாசகர் கேள்விகள்

வீட்டுக்குள் நாம் சுவாசிக்கும் காற்றைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் நிறையப் பேர் கடைசியில் கேட்டிருந்தது, காற்றைச் சுத்தம் செய்ய எந்த மெஷின் வாங்கலாம் என்பதுதான். மெஷினைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் முதலில் புகையும் ஈரமும் வீட்டுக்குள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்து அதை நிறுத்த வேண்டும், அப்புறம் காற்று உள்ளே வந்து வெளியே போக வழி விட வேண்டும், இரண்டையும் செய்தும் போதவில்லை என்றால்தான் மெஷின். கீழே இருக்கும் எல்லாப் பதில்களும் இந்த வரிசையில்தான் போகும்.

கேள்வி: நாங்கள் மூன்று பேரும் ஒரே அறையில் ஏசி போட்டுத் தூங்குகிறோம். கரண்ட் பில் ஏறுகிறதே என்று கதவு இடுக்கில்கூடத் துணி வைத்து அடைத்துவிடுவோம். காலையில் எழுந்தால் தலை கனமாக இருக்கிறது, பையனை எழுப்பவே முடியவில்லை. ஏசி காற்று எங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: அந்தத் துணியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். வீடுகளில் மாட்டும் ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதே இல்லை. அறையில் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிரவைத்துத் திரும்ப விடுகிறது. வெளியே மாட்டியிருக்கும் யூனிட்டுக்கும் உள்ளே இருப்பதற்கும் நடுவே ஓடுவது குளிர்வாயு மட்டும்தான், அதில் காற்று போவதும் இல்லை வருவதும் இல்லை. இது தெரியாமல் ஏசி ஓடினால் காற்றும் மாறுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 420 பங்கு, இருக்கும். இறுக அடைத்த சின்ன அறையில் இரண்டு மூன்று பேர் இரவு முழுக்க மூச்சு விட்டால் விடிவதற்குள் அது சுலபமாக 2,000-ஐத் தாண்டிவிடும். அந்த அளவில் உயிருக்கு ஒன்றும் ஆகாது, பயப்பட வேண்டாம். ஆனால் தூக்கம் கெடும். டென்மார்க்கில் மாணவர் விடுதி அறைகளில் இதைச் சோதித்து 2016-ல் வெளியிட்டார்கள். காற்றோட்டம் கொடுத்து கார்பன் டை ஆக்சைடை 1,000-க்குள் வைத்திருந்த இரவுகளில், அடைத்து வைத்து 2,000-க்கு மேல் போன இரவுகளைவிட மாணவர்கள் நன்றாகத் தூங்கினார்கள், மறுநாள் கொடுத்த பரீட்சைக் கணக்குகளையும் கொஞ்சம் சரியாகச் செய்தார்கள்.

என்ன செய்யலாம் என்றால், ஹாலில் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, படுக்கையறைக் கதவை இரண்டு விரல் அளவு திறந்து வைத்துத் தூங்குங்கள். அறையோடு சேர்ந்த பாத்ரூம் இருந்தால் அதில் இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு பாத்ரூம் கதவை லேசாகத் திறந்து வையுங்கள், அது பழைய காற்றை வெளியே இழுக்க இழுக்க ஹால் பக்கமிருந்து புதுக்காற்று வந்துகொண்டே இருக்கும். குளிர் கொஞ்சம் வீணாகும், உண்மைதான். ஏசியை 26-ல் வைத்து மெதுவாக மின்விசிறியும் போட்டால் பெரும்பாலும் அது ஈடாகிவிடும். ஏசியின் முன்மூடியைத் தூக்கினால் தெரியும் வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். இவ்வளவு செய்தும் பையன் காலையில் எழ முடியாமல் தவித்தால், இரவில் குறட்டை விடுகிறானா, வாயைத் திறந்து மூச்சு விடுகிறானா என்று கவனித்து, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் வீடு வாய்க்கால் ஓரம். சாயங்காலம் ஐந்தரைக்கே எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டுக் கொசுவர்த்திச் சுருள் கொளுத்துகிறோம். அம்மாவுக்கு ஆஸ்துமா இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் கொசு, சாத்தினால் புகை. நாங்கள் என்னதான் செய்வது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: நம் ஊரில் வீட்டுக் காற்றின் முதல் பிரச்சினையே இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

மலேசியா, சீனா ஆகிய நாடுகளில் விற்ற கொசுவர்த்திச் சுருள்களை எரித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2003-ல் வெளிவந்தது. ஒரு சுருள் முழுதாக எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகளின் எடை 75 முதல் 137 சிகரெட்டுகள் விடும் துகளுக்குச் சமம் என்று அதில் கணக்கிட்டார்கள். சுருளில் பூச்சிமருந்து மிகக் கொஞ்சம்தான். மீதியெல்லாம் மரத்தூள், கொட்டாங்கச்சித் தூள் போல மெதுவாகக் கனன்று எரியும் சமாச்சாரம். புகை வருவது அதிலிருந்து. அதை அடைத்த அறைக்குள், ஆஸ்துமா இருக்கும் ஒருவர் பக்கத்தில், தினம் இரவு எரிப்பது அம்மாவின் மூச்சுக்குழாய்க்கு நேரடியான தொந்தரவு. இதை நிறுத்தாமல் இன்ஹேலரை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் பலன் தெரியாது.

அதனால் எல்லா ஜன்னலுக்கும் கொசுவலை அடியுங்கள். அலுமினியச் சட்டம் போட்டு ஆசாரி செய்து தருவதற்குச் செலவு அதிகம் என்றால், வெல்க்ரோ ஒட்டி மாட்டும் ஃபைபர் வலை மீட்டர் கணக்கில் கிடைக்கிறது, நீங்களே வெட்டி ஒட்டிவிடலாம். ஜன்னலுக்கு மேலே இருக்கும் வென்டிலேட்டரை மறந்துவிடாதீர்கள், பல வீடுகளில் கொசு வரும் வழி அதுதான். சிலர் அட்டையை வைத்து அதை நிரந்தரமாக அடைத்துவிடுகிறார்கள். சூடான காற்றும் அடுப்புப் புகையும் மேலே ஏறி வெளியே போக வேண்டிய வழி அது, அட்டையை எடுத்துவிட்டு வலை போடுங்கள். வலையில் தூசி படிந்தால் காற்று வராது, மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அம்மா கட்டிலுக்குத் தனியாக ஒரு வலை கட்டிவிடுங்கள். மின்விசிறிக் காற்றில் கொசுவால் நிலையாகப் பறக்க முடியாது என்பதால் விசிறியும் உதவும்.

வெளியிலும் ஒரு வேலை இருக்கிறது. செப்டிக் டேங்கிலிருந்து மேலே போகும் காற்றுக்குழாயின் வாயில் வலைத்துணி கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இரவில் கடிக்கும் க்யூலெக்ஸ் கொசுவுக்குச் சாக்கடையும் செப்டிக் டேங்கும்தான் பிறந்த வீடு. டெங்கு பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும், நல்ல தண்ணீரில் முட்டையிடும். ஃப்ரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டித் தட்டு, மொட்டை மாடியில் கிடக்கும் டயர் இவற்றில் தண்ணீர் நிற்காமல் வாரம் ஒருமுறை கொட்டிக் காயவைத்தால் போதும்.

செருகி வைக்கும் லிக்விட் மெஷின் தேவலையா என்று அடுத்த கேள்வி வரும். அதில் புகைத்துகள் இல்லாததால் சுருளைவிடத் தேவலைதான், ஆனாலும் அதுவும் பூச்சிமருந்தைக் காற்றில் விடுகிறது. ஆஸ்துமாக்காரர் அறையில் அதுவும் வேண்டாம். பெட்டிக்கடையில் விற்கும் கொசு ஊதுபத்தி அறவே வேண்டாம். பாக்கெட்டில் மத்திய அரசின் பூச்சிக்கொல்லிப் பதிவு எண் இல்லையென்றால் அதில் என்ன மருந்து எவ்வளவு கலந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: பாம்புச் செடி, மணி பிளான்ட் வைத்தால் வீட்டுக் காற்று சுத்தமாகும் என்கிறார்களே, எத்தனை தொட்டி வைக்க வேண்டும்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ஆசைக்கு எத்தனை வேண்டுமானாலும் வையுங்கள், காற்றுக்காக வைக்க வேண்டாம். 1989-ல் நாசா செய்த ஒரு சோதனையிலிருந்து வந்த பேச்சு இது. அவர்கள் செடியை இறுக மூடிய சின்னப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார்கள். வீடு அப்படி மூடிய பெட்டியாக இருப்பதில்லை. அமெரிக்காவின் ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தில் இரண்டு பேர் பழைய சோதனைகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டு 2019-ல் வெளியிட்டார்கள். சாதாரணக் கட்டடத்தில் இயல்பாக நடக்கும் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வரை தேவைப்படும் என்று வந்தது. ஜன்னலைத் திறப்பது சுலபம். தொட்டி மண்ணில் எந்நேரமும் ஈரம் நின்றால் பூஞ்சணம் வரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

கேள்வி: எனக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகிறது. தலைக்கு ஊற்றிய பிறகு மாமியார் சாம்பிராணிப் புகை காட்டுகிறார். டாக்டர் கூடாது என்கிறார். மாமியாரோ, “உன் புருஷனை இப்படித்தான் வளர்த்தேன், அவனுக்கு என்ன ஆயிற்று” என்கிறார். தினம் இதே பேச்சாக இருக்கிறது. நீங்களே சொல்லுங்கள்.
– வாசகி, மதுரை

பதில்: டாக்டர் சொன்னதுதான் சரி. ஆனால் உங்கள் மாமியார் பேரன் மேல் இருக்கும் அக்கறையில்தான் செய்கிறார், அதனால் இந்தப் பதிலை அவரிடமே படித்துக் காட்டுங்கள்.

அம்மா, நீங்கள் புகை காட்டுவது ஈரத்தலை சீக்கிரம் உலர்ந்து சளி பிடிக்காமல் இருக்க வேண்டும், பூச்சி பொட்டு அண்டக் கூடாது என்றுதானே? பிறந்த குழந்தை நிமிடத்துக்கு 30 முதல் 60 தடவை மூச்சு விடுகிறது, நீங்களும் நானும் 12 முதல் 20 தடவைதான். நம்மைப் போல இரண்டு மூன்று மடங்கு வேகமாக அது புகையை இழுக்கிறது. நுரையீரலோ இன்னும் வளர்ந்து முடியவில்லை. தணலிலிருந்து வரும் புகையில் கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் புகை மட்டும் இல்லை, வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடும் இருக்கிறது. கூடையைக் கவிழ்த்து அதன் மேல் குழந்தையைப் படுக்கவைத்துக் காட்டும்போது அவ்வளவும் நேராக முகத்துக்குத்தான் போகும். அன்றைக்கு உங்கள் பிள்ளையை நீங்கள் வளர்த்த வீட்டில் முற்றமும் ஓட்டு இடுக்கும் இருந்திருக்கலாம், புகை தானாகப் போயிருக்கும். இப்போதைய அப்பார்ட்மென்ட் அறையில் போக இடமில்லை. கடையில் வரும் கப் சாம்பிராணியில் கரித்தூளும் வாசனைப் பொருளும் சேர்ந்திருக்கின்றன என்பது இன்னொரு கவலை.

தலையை மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, விசிறியை நிறுத்தி, உலர்ந்த துணியில் சுற்றி உங்கள் மடியில் பத்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். முடி உலர்ந்துவிடும். வெள்ளிக்கிழமை பூஜைக்குச் சாம்பிராணி போடுவதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துப் போடுங்கள், அந்த நேரம் குழந்தை வேறு அறையில் கதவு சாத்தி இருக்கட்டும், புகை முழுக்கப் போன பிறகு தூக்கி வாருங்கள்.

மருமகளுக்கும் ஒன்று சொல்கிறேன். பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்த பழைய துணிகளையோ கம்பளியையோ எடுத்து அப்படியே குழந்தைக்குச் சுற்றாதீர்கள். அந்துருண்டையில் பெரும்பாலும் இருப்பது நாப்தலீன். ஜி6பிடி என்ற என்சைம் குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அதன் ஆவி பட்டாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை ஏறும். நம் நாட்டில் இந்தக் குறைபாடு அபூர்வம் இல்லை, பரிசோதிக்காமல் யாருக்கு இருக்கிறது என்றும் தெரியாது. பச்சைக்குழந்தை இருக்கும் வீட்டில் அந்துருண்டையே வேண்டாம்.

கேள்வி: கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. அதிலிருந்து பீரோவுக்குப் பின்னால் சுவரில் கறுப்பாகப் படர்கிறது, வீடு முழுக்க ஒரு மக்கிய வாடை. ஓனர் இரண்டு தடவை பெயின்ட் அடித்துக் கொடுத்துவிட்டார், திரும்ப வருகிறது. மகளுக்கு விடாத தும்மல்.
– வாசகர், வேளச்சேரி

பதில்: பூஞ்சணத்தின் மேல் பெயின்ட் அடித்தால் அது பெயின்டையும் தின்றுகொண்டு வெளியே வரும். ஓதம் நிற்காமல் பூஞ்சணம் நிற்காது. எனவே முதல் கேள்வி, ஈரம் எங்கிருந்து வருகிறது? தரையிலிருந்து ஒரு முழம், இரண்டு முழம் உயரம் வரை மட்டும் சுவர் பொரிந்து உதிர்ந்தால் நிலத்தடி ஈரம் ஏறுகிறது. மேலேயிருந்து இறங்கினால் மாடி வீட்டு பாத்ரூம் குழாய். வெளிச்சுவரில் விரிசல் இருந்தால் மழைத் தண்ணீர். ஓனரிடம் பெயின்ட் கேட்காதீர்கள், இதைச் சரிசெய்யச் சொல்லிக் கேளுங்கள், போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்புங்கள்.

உங்கள் கையில் இருப்பது: பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், பின்னால் காற்று ஓட வேண்டும். கறுப்பைச் சுரண்டும்போது உலர்ந்த பிரஷ்ஷால் தேய்க்கக் கூடாது, விதைத்தூள் அறை முழுக்கப் பறக்கும். மாஸ்க், கையுறை போட்டு, சோப்புத் தண்ணீரால் நனைத்துத் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். அந்த நேரம் மகள் அங்கே இருக்கக் கூடாது. வெள்ளத்தில் நனைந்த மெத்தை, தலையணை, அட்டைப்பெட்டி இன்னும் வீட்டில் இருந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். பாத்ரூம் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றினால் சீக்கிரம் போகும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள், இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய பாத்ரூமில் அது உயிரைப் பறிக்கும்.

ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 60 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்கப் பாருங்கள். ஐப்பசி கார்த்திகையில் சென்னையின் வெளிக்காற்றே ஈரமாக இருப்பதால் ஜன்னலைத் திறந்தும் அது இறங்காது, ஏசி இருந்தால் ‘டிரை’ என்ற பட்டனை அழுத்தி ஓடவிடுங்கள், வெயில் வந்த அன்று மதியம் எல்லாவற்றையும் திறந்து போடுங்கள். ஈரத்துணியை அறைக்குள் கொடி கட்டிக் காயப்போடுவது இந்த வீட்டுக்கு ஆகாது. ஓனரால் எதுவும் ஆகவில்லை, மகளுக்குத் தும்மல் இளைப்பாக மாறுகிறது என்றால் வேறு வீடு பார்ப்பதுதான் மருந்து. சொல்வது சுலபம், வாடகையும் அட்வான்ஸும் எனக்கும் தெரியும், இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

கேள்வி: டெல்லிக்கு மாற்றலாகி வந்து முதல் குளிர்காலம் வரப்போகிறது. ஏர் ப்யூரிஃபையர் அவசியமா? எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகி, மயூர் விஹார்

பதில்: உங்களுக்கு அவசியம்தான். பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள் ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வைத்த எல்லை, நம் நாட்டு எல்லை 40. டெல்லியில் நவம்பர் மாத மோசமான நாட்களில் அது பல நூறுக்குப் போகிறது, அப்போது ஜன்னலைத் திறப்பது தீர்வாகாது.

கடைக்காரர் எத்தனை கட்ட ஃபில்டர் என்று சொல்வார், நீங்கள் சிஏடிஆர் எவ்வளவு என்று கேளுங்கள், மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்று தரும் என்ற எண் அது. 12-க்கு 10 அடி அறை, 10 அடி உயரம் என்றால் 34 கன மீட்டர். அதை மணிக்கு ஐந்து தடவையாவது சுத்தம் செய்ய வேண்டும், ஆக 170-க்குக் குறையாமல் இருக்க வேண்டும், 250 இருந்தால் சத்தம் குறைவான வேகத்தில் ஓடவிடலாம். நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் இருக்க வேண்டும். ஓசோன் வெளிவிடும் எதையும் வாங்காதீர்கள், ஓசோன் நுரையீரலை அரிக்கும். மாற்று ஃபில்டர் விலையை வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். வீடு முழுக்க வேண்டாம், தூங்கும் அறைக்கு ஒன்று போதும். மெஷின் கார்பன் டை ஆக்சைடைக் குறைக்காது என்பதால், மற்ற நேரத்தைவிடத் தூசி குறையும் மதியம் இரண்டு மூன்று மணி வாக்கில் கொஞ்ச நேரம் திறந்து மூடுங்கள்.

கேள்வி: ஏசி யூனிட் மேல் புறா கூடு கட்டியிருக்கிறது. பாவம் என்று விட்டுவைத்திருக்கிறோம். எச்சத்தால் ஏதாவது வருமா?
– வாசகர், அண்ணா நகர்

பதில்: வரலாம். புறா எச்சமும் இறகுத் தூசியும் சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சியை உண்டாக்கும், நாள்பட்டால் நுரையீரல் தழும்பேறி விறைத்துப்போகும். இந்தியாவில் இப்படி நுரையீரல் இறுகும் நோய் வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டபோது ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்த ஒவ்வாமை வகைதான் இருந்தது. பறவைத் தூசி அதன் முக்கியக் காரணங்களில் ஒன்று, கழுவாத ஏர் கூலரில் வளரும் பூஞ்சணம் இன்னொன்று. குஞ்சு பறந்த பிறகு கூட்டை எடுத்து, எச்சத்தை நனைத்து, மாஸ்க் போட்டுத் துடைத்துவிட்டு வலை கட்டுங்கள். வீட்டில் யாருக்காவது பல வாரமாக வறட்டு இருமலும் படியேறினால் மூச்சு வாங்குவதும் இருந்தால், டாக்டரிடம் புறா விஷயத்தை நீங்களாகவே சொல்லுங்கள்.

கேள்வி: பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் மாட்டலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: கூடாது. அடைத்த இடத்தில் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும், வாசனை இல்லை, கண் எரியாது, மயங்கி விழும் வரை தெரியாது. பாத்ரூமுக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் மாட்டிக் குழாய் மட்டும் உள்ளே வரட்டும், இல்லையென்றால் மின்சார கீசர் போடுங்கள். குளிருக்காக அறைக்குள் கரி மூட்டித் தூங்குவதும் இதே ஆபத்து. கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் அப்படித் தூங்கியவர்கள் இறந்த செய்தி அவ்வப்போது வருகிறது. கேஸ் கசிவு வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள்.

கேள்வி: ஊரில் அம்மா கேஸில் டீ மட்டும்தான் போடுகிறார். சோறும் குழம்பும் விறகடுப்பில்தான். இப்போது இருமல் விடவே இல்லை. சொன்னால் கேட்பதில்லை.
– வாசகர், செங்கம்

பதில்: உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் பேர் சமையல் புகையால் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அதில் வயலுக்குப் போய் வந்து அடுப்பு ஊதிய நம் அம்மாக்கள் நிறைய.

போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் ஆராய்ச்சியாளர் கல்பனா பாலகிருஷ்ணன் இந்தப் புகையைப் பல ஆண்டுகளாக அளந்து வருகிறார். அவர் குழுவும் பங்கெடுத்த ஒரு பெரிய ஆய்வில், விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளிலும் குவாட்டமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலும் 3,200 கர்ப்பிணிகளைச் சேர்த்து, பாதிப் பேருக்குக் கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகத் தொடர்ந்து கொடுத்தார்கள். விறகில் சமைத்தவர்கள் சுவாசித்த நுண்துகள் சுமார் 70 மைக்ரோகிராம், கேஸ் கிடைத்தவர்களுக்குச் சுமார் 24. பிறந்த குழந்தையின் எடை எதிர்பார்த்தபடி கூடவில்லை என்பதையும் 2022-ல் அப்படியே வெளியிட்டார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, சிலிண்டர் தடையில்லாமல் வீடு தேடி வந்தபோது அந்தப் பெண்கள் கிட்டத்தட்ட முழுக்கவே விறகை விட்டுவிட்டார்கள் என்பதுதான். உங்கள் அம்மா கேட்காததற்குப் பிடிவாதம் காரணமாக இருக்காது, சிலிண்டர் தீர்ந்துவிடுமே, பிள்ளைக்குச் செலவாகுமே என்ற எண்ணமாகத்தான் இருக்கும். நீங்களே உங்கள் போனிலிருந்து சிலிண்டர் புக் செய்து பணமும் கட்டிவிடுங்கள், இரண்டாவது சிலிண்டரும் எடுத்து வையுங்கள், அது அடுக்களையில் நிற்பதைப் பார்த்தாலே அவர் தயங்காமல் அடுப்பைப் பற்றவைப்பார்.

விறகுச் சமையல் ருசிக்காக வாரம் ஒருநாள் வேண்டும் என்றால் அடுப்பை வீட்டுக்கு வெளியே தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள், நன்றாகக் காய்ந்த விறகு மட்டும். குளிக்க வெந்நீர் வைப்பதும் அங்கேதான், அந்தப் புகையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அதில் ஒன்றும் இல்லை என்றால் மாவட்ட அரசு மருத்துவமனையில் நுரையீரல் டாக்டரைப் பார்த்து ஊதிப் பார்க்கும் சோதனை செய்யச் சொல்லுங்கள். எத்தனை வருடம் விறகில் சமைத்தார் என்பதை மறக்காமல் சொல்ல வேண்டும், பீடி சிகரெட் பழக்கம் இல்லாத பெண்ணுக்கு நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் (சிஓபிடி) வராது என்று நினைத்து விட்டுவிட வாய்ப்பிருக்கிறது.